கேள்விக்கு முன் ஒரு கரண்டி இனிப்பு

இந்தக் காலத்துச் சனத்துக்கு ஒருவர் வீட்டில் சாப்பிட்டோம், வந்தோம் என்று இருக்கத் தெரியாது என்பது நீக்கிலாசின் கட்சி. போகிறார்கள், தின்கிறார்கள், தின்ற தட்டைப் படம் பிடிக்கிறார்கள். ஊர் திரும்பியதும் நாற்பது பேரைக் கூப்பிட்டு இருத்தி, இருட்டாக்கி, திரையில் போட்டுக் காட்டுகிறார்கள். சோறு போட்டவளின் முகம் அங்கே ஆளுயரத்துக்குத் தெரிகிறது. அவளிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா? இல்லை.

டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் கத்தோலிக்கக் கோவில் மண்டபத்தின் கடைசி வரிசையில், கோட்டைக் கழற்றாமல், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு தை மாதத்து ஞாயிறு. பூசை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு என்றுதான் மகள் விக்ரோரியா கூட்டி வந்தாள். என்ன சாப்பாடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வாசற்படி தாண்டியிருக்க மாட்டார்.

திரையில் மொட்டைப் பாறை மலை ஒன்று வந்தது. அடிவாரத்தில் வெள்ளையும் நீலமுமாக வீடுகள். கீழே கடல். படம் காட்டிய கீர்ஸ்டன், ஓய்வுபெற்ற தாதி, கோவிலுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு டேனிஷ் சொல்லிக் கொடுக்கிறவர், இதுதான் கிரேக்கத் தீவு கலிம்னோஸ் என்றார். நானும் கணவரும் மூன்று கோடை அங்கே போயிருக்கிறோம், அந்தச் சனத்தைப் போல விருந்தோம்பும் சனத்தைக் கண்டதே இல்லை என்றார்.

நீக்கிலாஸ் நிலத்தைப் பார்த்தார்.

அந்த மலையில் கால் வைத்தால் செருப்புக்குக் கீழே நசுங்குகிற சின்னச் செடியின் மணம் அவருக்குத் தெரியும். கீர்ஸ்டனின் படத்தில் மணம் இல்லை. எண்பத்தைந்தாம் ஆண்டு ஆவணியில் கிரேக்கக் கப்பல் ஒன்றில் தளத் தொழிலாளியாக இருந்தபோது, வயிற்றுக்குள் அப்பெண்டிக்ஸ் வெடித்து, அவரை அந்தத் தீவில் இறக்கிவிட்டு, கப்பல் தன் பாட்டில் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் கட்டில் வேண்டும் என்றார்கள். மன்னாரில் அப்போது சண்டை. திரும்பிப் போக வழியில்லை, நிற்க இடமில்லை. ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்த கலியோப்பி என்ற விதவை அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவர் பின்னால் போனார்.

வீட்டு வாசலில் ஒரு கதிரை போட்டு இருத்தினாள். சின்னத் தட்டில் ஒரு கரண்டி இனிப்பு, சீனிப்பாகில் ஊறிய அத்திப் பிஞ்சு. பக்கத்தில் ஒரு கிளாஸ் குளிர்ந்த தண்ணீர். இனிப்பை வாயில் போட்டு, தண்ணீரைக் குடித்து, கிளாசைக் கீழே வைக்கும்வரை ஒரு கேள்வி இல்லை. அதற்குப் பிறகுதான் பெயர் என்ன என்று கைச்சாடையில் கேட்டாள். அந்தத் தீவில் எல்லா வீட்டிலும் அதுதான் முறை. கொடுத்த பிறகே கேள்வி.

நாலு மாதம் இருந்தார். கல்லுப் போன்ற பார்லி ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து, தக்காளியும் ஆட்டுப்பால் சீஸும் வைத்து எண்ணெய் ஊற்றித் தருவாள். திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டி அவிப்பாள். தையல் போட்ட வயிற்றுக்கு என்று எலுமிச்சை பிழிந்த மீன் கஞ்சி. வீட்டுக் கொடியில் சட்டையோடு சட்டையாக எட்டுக்கால் கணவாயும் காயும். சேற்று மணமே இல்லாத கடல், நாலு பாக ஆழத்திலும் அடி தெரியும். இத்தனையையும் ஏன் தருகிறாள், என்னத்தைக் கேட்கப் போகிறாள் என்று நாலு மாதமும் அவர் காத்திருந்தார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் நன்றிக்கென்று அவளுடைய தம்பியின் கிழிந்த வலையைப் பொத்திக் கொடுத்ததற்கு ஏசினாள். நோயாளி இருக்க வேண்டுமாம்.

மன்னாரில் இருந்த மனைவி மரியநாயகிக்கு இதையெல்லாம் எழுதினார். எழுத்துக் கூட்டி எழுதுகிற மனிதர். ஆனாலும் ஆறு பக்கம் எழுதினார்.

வாழ்க்கையில் ஒரு மனிதர் மேல் அவர் தன் சந்தேகத்தைக் கடைசியில் விட்டது அந்த ஒருத்தி மேல்தான். அந்தப் பழக்கம்தான் அவரைக் கெடுத்தது.

டென்மார்க்குக்கு வந்து, அகதி என்று ஏற்றுக்கொண்டபின், எண்பத்தேழு கார்த்திகையில் மனைவியையும் பதினாறு வயது மகளையும் எடுக்க விண்ணப்பம் போட்டார். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அலுவலர் ஒரு இளந்தாரி. மேசையில் முதலில் ஒரு கோப்பி வைத்தான், பக்கத்தில் இரண்டு பிஸ்கற். நீக்கிலாஸ் பிஸ்கற்றைத் தின்று, கோப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தான். அவ்வளவுதான். நீக்கிலாசின் நெஞ்சு இளகிவிட்டது. இவனும் கொடுத்த பிறகு கேட்கிற சாதி என்று நினைத்துவிட்டார். இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று அவன் கேட்க, கலிம்னோசின் கதையை ஒரு மணித்தியாலம் சொன்னார். அத்திப் பிஞ்சைக்கூட விடவில்லை. பொடியன் எல்லாவற்றையும் எழுதினான்.

இரண்டு மாதத்தில் திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த முறை கோப்பி இல்லை. கிரேக்கத்தில் நாலு மாதம் பாதுகாப்பாக இருந்திருக்கிறாயே, அங்கேயே ஏன் நிற்கவில்லை? அந்தப் பெண் உனக்கு என்ன முறை? நீக்கிலாஸ் கதையை மாற்றினார். அவளைத் தெரியாது என்றார். வாடகைக்கு ஒரு கட்டில், அவ்வளவுதான் என்றார். நல்ல மனுசி இல்லை, காசுக்காகத்தான் வைத்திருந்தாள் என்றும் சொன்னார். அதையும் எழுதினார்கள்.

பிறகு பதில் வரவில்லை. கலியோப்பியிடமிருந்து ஈஸ்டருக்கு வந்த அட்டைகள் இரண்டையும், ஆரும் கண்டால் இன்னும் மோசம் என்று அடுப்பில் போட்டார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்த மரியநாயகி, எண்பத்தெட்டு மார்கழியில் காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். அடுத்த வருடம் அனுமதி இரண்டு பேருக்கு வந்தது. விக்ரோரியா மட்டும் வந்து இறங்கினாள். என்ர வாய்தான் அவளைத் திண்டது என்று விமான நிலையத்தில் வைத்துச் சொன்னவர், அதன் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. மற்றவர்கள் வீட்டில் பச்சைத் தண்ணியும் குடிப்பதில்லை.

மண்டபத்தில் விளக்கைப் போட்டார்கள். கீர்ஸ்டன் தட்டொன்றை ஏந்தி வரிசை வரிசையாக வந்தார். சின்னச் சின்னக் கரண்டிகளில் பாகில் ஊறிய அத்தி. தீவிலிருந்து போத்தலில் கொண்டுவந்ததாம். கூடவே தண்ணீர்க் கிளாஸ்கள். நீக்கிலாசின் முன்னால் நின்று, நீங்கள் கப்பலில் இருந்தவராமே, கிரேக்கத்துக்குப் போயிருக்கிறீர்களா என்று சிரித்தபடி கேட்டார்.

"இல்லை" என்றார் நீக்கிலாஸ், டேனிஷில்.

கரண்டியையும் தொடவில்லை. கீர்ஸ்டன் அடுத்த ஆளிடம் போனார். விக்ரோரியாவின் முகம் சிவந்துவிட்டது. கைப்பையிலிருந்து மடித்த பத்திரிகையை எடுத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், அங்கே எல்லோரும் வாசித்து முடித்த பத்திரிகை. அந்தக் கிழமை நாடு முழுக்கத் தமிழர் கதைதான். வருடக்கணக்காக விசாரித்து ஒரு நீதிபதி எழுதிய அறிக்கை வெளிவந்து, அரசாங்கமே விழுந்திருந்தது. எண்பத்தேழிலிருந்து தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளுடைய விண்ணப்பங்களை, சட்டப்படி பார்க்க வேண்டியவற்றை, மேலிடத்துச் சொல்லில் கிடப்பில் போட்டார்கள் என்பதுதான் அதன் சாரம். விக்ரோரியா ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"எல்லாற்ற விண்ணப்பத்தையும் கிடப்பில வச்சிருந்தவங்கள் அப்பா. கிறீஸ் நாட்டைப் பற்றிக் கதைச்ச ஆக்களின்ரயும், கதைக்காத ஆக்களின்ரயும். நீங்கள் ஒண்டுமே சொல்லாமல் விட்டிருந்தாலும் அம்மா வந்திருக்க ஏலாது."

"ஆர் எழுதினது?"

"ஒரு நீதிபதி."

"அவனும் அவையளின்ர ஆள்தானே."

முன்வரிசையில் இருந்த பீற்றர் திரும்பினார். சின்ன மனுசன், வாய் பெரிது. "அண்ணை, கவுண்மேந்தே விழுந்திட்டுது. நீங்கள் மட்டும் இன்னும் விழாமல் நிக்கிறியள்" என்றார்.

"உன்ர மனிசி வந்தவள்தானே பீற்றர்?"

"அவ வந்தது எண்பத்தேழு ஆடி அண்ணை. இவங்கள் பூட்டுப் போட முந்தி."

"நீ அங்க வாயைத் திறக்கேல்லை. அதுதான் வந்தவள்."

பீற்றர் பகிடியை விட்டுவிட்டு, கையிலிருந்த கரண்டியைப் பார்த்தபடி திரும்பிக்கொண்டார்.

விக்ரோரியா பத்திரிகையை மடித்தாள். இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அம்மா அந்த ஆறு பக்கக் கடிதத்தை லொட்ஜுக்கும் கொண்டுவந்திருந்தாள். அறைக்குப் புதிதாக ஆர் வந்தாலும், யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, பெயர் கேட்க முந்தி ஒரு தேக்கரண்டி சீனியும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொடுப்பாள். என்ர மனுசனை வச்சுப் பாத்த மனிசி செய்தது, நானும் செய்ய வேணும் என்பாளாம். பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களும் செய்தார்கள்.

"காய்ச்சலில கிடக்கேக்க அவையள்தான் முறை வச்சுப் பாத்தவை, அப்பா. கஞ்சி பருக்கினது ஒரு மட்டக்களப்பு மனிசி. சுசீலாதேவி எண்டு பேர். அம்மா ஒரு நாளும் தனியக் கிடக்கேல்லை."

மரியநாயகியின் வாயில் கடைசியாக ஒரு பிடி ஆர் வைத்தார்கள் என்று நாலு வருடமாக அவர் கேட்கவில்லை. கேட்டால் ஒருவரும் இல்லை என்று பதில் வரும் என்று பயந்திருந்தார்.

நீக்கிலாஸ் தொப்பியைக் கையில் இரண்டு முறை சுற்றினார்.

"கலியோப்பிக்கு எழுதுவம்" என்றாள் விக்ரோரியா. "கீர்ஸ்டன் கோடைக்குத் திரும்பப் போறாவாம். கையில குடுத்துவிடலாம். அம்மாவுக்கு அவவை ஒருக்காப் பாக்க வேணுமெண்டு ஆசையா இருந்தது."

"என்னெண்டு எழுதுறது? உன்னை, காசுக்காக என்னை வச்சிருந்தவள் எண்டு விசாரணையில சொன்னனான் எண்டோ?"

"பயத்தில சொன்னது."

"சும்மா சொன்னது எண்டு சொல்லு. உன்ர பேப்பர் சொல்லுறது உண்மையெண்டால், ஒரு பிரயோசனமும் இல்லாமல் அவளை வித்துப்போட்டன். அப்படியோ?"

விக்ரோரியா மடித்த பத்திரிகையைப் பார்த்தாள். பத்திரிகையில் அதற்கு வரி இல்லை.

அவர் எழுந்தார். மேசையோரத்தில் கீர்ஸ்டன் மிச்சக் கரண்டிகளை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதில் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அத்திதான். ஆனால் பாகு கட்டியாக, அளவுக்கு மிஞ்சிய சீனியாக இருந்தது. கடைப் போத்தல். கலியோப்பி இப்படிக் காய்ச்ச மாட்டாள். தண்ணீரைக் குடித்தார். கிளாசைக் கீழே வைத்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

"இருங்கோ அப்பா, சாப்பிட்டிட்டுப் போவம். அறிக்கையில எங்கட கேசின்ர திகதியும் சரியாப் பொருந்துது. வீட்ட போய்க் காட்டுறன்."

"அவங்களின்ர திகதி" என்றார் நீக்கிலாஸ். "பீற்றரின்ர மனிசி வந்தவள்."

வெளியே நாலு மணிக்கே இருட்டத் தொடங்கியிருந்தது. நிலத்தில் பனி உருகி, உப்புத் தூவி, சேறாகிக் கிடந்தது. பின்னால் மண்டபக் கதவு திறந்து, விக்ரோரியா ஒருமுறை கூப்பிட்டாள். அவர் தொப்பியைப் போட்டு, காதுவரை இழுத்துவிட்டு, பஸ் தரிப்புப் பக்கம் நடந்தார். வாய்க்குள் சீனி கரையாமல் இருந்தது. நீதிபதி என்ன எழுதினாலும், அந்தப் பொடியன் கோப்பியை வைத்தபோது தான் பேசாமல் இருந்திருக்க வேணும் என்று சொல்லிக்கொண்டே போனார்.