பிடி அரிசிப் பை

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. ஒரு பிடி அரிசிக்காக ஒரு தெருவே முறைத்துக்கொண்டு நின்ற கதை சொல்கிறேன்.

ஐஸ்வாலில், மலைச்சரிவை ஒட்டிய எங்கள் தெருவில், உலை வைக்கும்போதெல்லாம் பெண்கள் ஒரு பிடி அரிசியைக் கிறிஸ்தவ சபைக்கென்று தனி டப்பாவில் போடுவார்கள். அதை வீடு வீடாக வாங்கி வருவது ரோசியாமியின் ஊழியம். அவள் மகன் முவானா போதை ஊசிக்கு அடிமை. கூட்டாளிகள் ஒரே ஊசியை மாற்றி மாற்றிக் குத்தியதில் ஒருவன் நோய் பிடித்துச் செத்தான். அன்றிலிருந்து ரோசியாமி அரிசிப் பையோடு மூடி போட்ட பால் டப்பாவையும் தூக்கினாள். அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில் ஆஸ்பத்திரி தரும் புது ஊசியைக் கொடுப்பாள். பழையது டப்பாவுக்குள் போகும்.

கோயிலில் அரிசி அளக்கும்போது சபை மூப்பர் பியாக்தங்காவின் கண்ணில் அந்தப் பால் டப்பா பட்டுவிட்டது.

"ஆண்டவர் அரிசியோட இதையும் தூக்கிட்டு வர்றியே, முவானா அம்மா. பாவத்துக்கு நீயே வழி பண்ணிக் குடுக்கலாமா?"

"முட்டி தேய ஜெபம் பண்ணிட்டுத்தான் இருக்கேன், மூப்பரே. அவன் திருந்துற அன்னைக்கு உயிரோட இருக்கணுமில்ல?"

"பையை வெச்சிட்டுப் போ. இனி நானே வாங்கிக்கிறேன்."

பையை வைத்தாள்; தலையைக் குனியவில்லை. ஆனால் அந்தப் பைதான் அவளுக்கு மறைப்பு. அரிசிப் பையோடு நுழைந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். வெறுங்கையோடு நுழைந்தால் அந்த வீட்டு மானம் தெருவுக்கு வந்துவிடும். பிள்ளைகள் மறுபடி பழைய ஊசியைத்தான் பங்கு போடுவார்கள்.

சனிக்கிழமை மூப்பரே பையோடு கிளம்பினார்.

"அரிசியா? இன்னைக்குக் கிழங்குதான் அவிச்சோம், மூப்பரே," என்றாள் முதல் வீட்டுக்காரி. அவள் பின்னால் சோற்றுப்பானை மூடி தடதடவென்று ஆடியது.

"எலி தின்னுட்டுது," என்றாள் அடுத்தவள்.

"டப்பாவோடயா?"

"பெரிய எலி."

மூன்றாமவள் சுற்றி வளைக்கவில்லை. "எங்க வீட்டுல யாருக்கும் ஊசி வேணாம். ஆனா முவானா அம்மா வந்தாத்தான் அரிசி போடுவேன்."

வெறும் பையோடு வீடு திரும்பினார். அங்கேயும் டப்பா காலி.

"நம்ம வீட்டுப் பிடி எங்க, லியானி?"

"காலையில நீங்க சாப்பிட்டீங்களே, அதுல." மனைவி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "அள்ளிப் போடுறது பொம்பளைங்க. யாரு வந்து வாங்கணும்னும் நாங்களே சொல்லிக்கிறோம்."

மூப்பர் படியிறங்கி ரோசியாமி வாசலுக்கு வந்தார். "இது சரின்னு நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்."

"சொல்ல வேணாம். பையைக் குடுங்க."

வாங்கித் தோளில் மாட்டினாள். பால் டப்பாவையும் அவர் கண்ணெதிரிலேயே எடுத்தாள்.

"முவானா," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "பழசைக் கொண்டாடா. புதுசு தரேன்."

மூப்பர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் அடுத்த வீட்டுப் படியேறினாள்.

உங்கள் வீட்டு அரிசிப் பானை அடி தெரியாமல் இருக்கட்டும், கண்ணுகளா. வழி தவறிப் போன பிள்ளையும் சோற்று நேரத்துக்கு உயிரோடு வாசலேறி வரட்டும்.