கடலுக்கு நாற்பத்து மூன்று படிகள்

கையேடு கவுண்டரில் வந்து விழுந்த வேகத்தில் பேனா டப்பா கவிழ்ந்தது.

"இதை எழுதுனது யாரு?"

கேட்ட அம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. தையல் மெஷினிலிருந்து எழுந்து நேரே வந்திருக்கிறார். அந்த விடுமுறைப் பயண அலுவலகத்தில் மற்ற இரண்டு மேஜைக்காரர்களும் அவசரமாகக் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

மேப்பு எழுந்து நின்றாள். "நான்தான் அக்கா."

அலுவலகத்தில் எல்லோரும் அவளை, ஊர் மேப் மாதிரி என்று, 'மேப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஊருக்கு எங்கே பஸ் மாற வேண்டும், எந்த மாதம் எங்கே மழை பெய்யும், எந்த விடுதியில் குழந்தைக்குத் தனிக் கட்டில் கிடைக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். வருடா வருடம் வரும் விடுமுறைக் கையேட்டைப் பதினோரு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். கைக்குழந்தையோடு போக ஏற்ற இடங்கள், மூன்றே நாள் லீவு கிடைத்தவர்களுக்கு, பெட்டியில் மறக்கக் கூடாதவை என்று பக்கம் பக்கமாக. அதில் இருக்கும் ஓர் ஊரைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை என்பது முதலாளிக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும். வண்டி இரண்டு வளைவு திரும்பினால் போதும், அவளுக்குக் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும்.

"முப்பத்தி நாலாம் பக்கம். படி."

அவளுக்குப் படிக்க வேண்டிய அவசியமில்லை. 'சக்கர நாற்காலியில் வருபவர்களும் அலைகள் வரை செல்லலாம்.' விடுதிக்குப் போன் போட்டுக் கேட்டதும், எடுத்தவன் "வரலாம் வரலாம், யார் வேணா வரலாம்" என்றதும் நினைவிருந்தது.

"ஓட்டல் வாசல்லேர்ந்து கடலுக்கு நாப்பத்தி மூணு படி," என்றார் தையல்காரம்மா. குரல் இறங்கிவிட்டது. "எங்க வீட்டுக்காரர் நாலு நாளும் மேல உக்காந்து கீழ பாத்துக்கிட்டே இருந்தார். நீயாவது போய்க் காலை நனைச்சிட்டு வான்னு என்னை வெரட்டறார். எனக்கு எறங்க மனசு வருமா? நீயே சொல்லு."

மேப்பு வாயைத் திறந்தாள். அந்த அம்மாள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கண்ணாடிக் கதவு ஆடி ஆடி அடங்கியது.

சாயங்காலம் முதலாளியின் அறைக்குப் போனாள். புதுக் கையேடு அச்சுக்குப் போக ஆறு வாரம் இருந்தது.

"ஒரு வருத்தக் கடிதம் போடு, அடுத்த தடவை தள்ளுபடின்னு ஒரு வரி சேத்துடு," என்றார் முதலாளி.

"சார், சக்கர நாற்காலிக்காரங்களுக்கான அந்தப் பகுதியில பன்னெண்டு இடம் எழுதியிருக்கேன். பன்னெண்டையும் நேர்ல போய்ப் பாத்துட்டுத்தான் இனிமே எழுதுவேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "நீயா? நம்ம லிஃப்ட்ல மூணு மாடி ஏறினாலே உனக்குத் தலை சுத்தும்."

"சுத்தட்டும் சார். பாக்காத இடத்தைப் பாத்த மாதிரி எழுதறதுக்கு இது பரவாயில்ல."

"ஆபீஸ் நேரத்துல அனுப்ப முடியாது."

"சனி ஞாயிறு என்னோடதுதானே?"

அந்தச் சனிக்கிழமையே பஸ் ஏறினாள். முன் சீட்டு, வெறும் பிஸ்கட், மடியில் நான்கு பிளாஸ்டிக் பை. கையேட்டில் பிறருக்கு எழுதிய யோசனைகளை எல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு போனாள். ஒன்றும் பலிக்கவில்லை, நான்கு பையும் தீர்ந்தன. மத்தியானம் அந்த விடுதி வாசலில் வெளிறிய முகத்தோடு இறங்கி, முதல் வேலையாகப் படிகளை எண்ணினாள். நாற்பத்து மூன்றுதான். ஒன்றுகூடக் குறையவில்லை.

வரவேற்பறையில் இருந்தவர் சிரித்த முகமாக, "அதுக்கென்ன மேடம், நாலு பேர் சேந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவோமே!" என்றார்.

அவள் கொண்டுபோன நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கதவின் அகலம் எவ்வளவு இருந்தால் போதும்? குளியலறையில் எதைப் பார்க்க வேண்டும்? பதினோரு வருடம் எழுதியவளுக்குக் கேள்வியே தெரியவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மறுநாள் திரும்பி வந்து, வீட்டுக்குக்கூடப் போகாமல், தையல்காரம்மாவின் முகவரியைத் தேடிப் போனாள். இரண்டு அறை வீடு. முன் அறை முழுக்கத் துணி. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் பெரிய உடம்புக்காரர் ஒருவர் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

"இவதான் அந்த முப்பத்தி நாலாம் பக்கம்," என்றார் தையல்காரம்மா.

அவர் நிமிரவில்லை. "எதுக்கு வந்திருக்கா?"

"எதைப் பாக்கணும்னு கேக்க வந்தேண்ணா. நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்களாம், ஓட்டல்ல சொன்னாங்க..."

"மூட்டையா நான்?" ஊசி நின்றது. "இருபத்தாறு வருஷம் டூரிஸ்ட் பஸ் ஓட்டினேன். நீ எழுதற எல்லா ஊருக்கும் ஆளுங்களைக் கொண்டுபோய் எறக்கினவன். எறங்கி ஓடுவாங்க. நான் வண்டிக்குள்ளயே தூங்குவேன், ராத்திரி திரும்ப ஓட்டணுமே. கடல் சத்தம் கேக்கும். ரிட்டயர் ஆகி வந்து நிதானமாப் பாத்துக்கலாம்னு விட்டேன். அதுக்குள்ள முதுகெலும்பு போச்சு." மறுபடி ஊசியைக் குத்தினார். "போம்மா. எனக்கு இனி ஊரும் வேணாம், உலகமும் வேணாம்."

மேப்பு போகவில்லை. துணி மூட்டையைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். "நீங்க வர வேணாம். கதவு எவ்வளவு அகலம் இருக்கணும்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிட்டுப் போயிடறேன்."

அவர் எரிச்சலோடு ஆரம்பித்தார். "கதவு அகலம் மட்டும் பாத்தா போதுமா? உள்ள போனா திரும்ப இடம் வேணாமா? டாய்லெட்டுக்குப் பக்கத்துல வண்டியை ஒட்டி நிறுத்த முடியணும். வாசப்படி ரெண்டு விரல் ஒசரம் இருந்தாலே சிக்கல்..." ஒரு மணி நேரம் பேசினார். நோட்டில் ஒன்பது பக்கம் நிறைந்தது. அவள் எழுந்தபோது, "பஸ்ஸுலயா போன? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சொன்னாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வளைவு வரப்போகுதுன்னு டிரைவருக்குத் தெரியும், அதனால அவனுக்கு வாந்தி வராது. உனக்குத் தெரியாது, வருது. அவ்வளவுதான் விஷயம். பக்கத்துல ஒருத்தர் உக்காந்து சொல்லிக்கிட்டே வந்தா சரியாயிடும்."

"அப்ப நீங்க வந்து சொல்லுங்கண்ணா."

தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டார். கணவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார், பிறகு மேப்புவை. "சரியான விடாக்கண்டியா இருக்கியே," என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மேப்புவின் வீட்டுக்காரர் ஒரு பேக்கரிக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடும் வேன் ஓட்டுபவர். ரொட்டித் தட்டுகள் அடுக்கிய தள்ளுவண்டிகளை ஏற்ற அதில் நீளமான இரும்புப் பலகை ஒன்று உண்டு. அடுத்த சனிக்கிழமை அந்தப் பலகையில் சக்கர நாற்காலி ஏறியது. நாற்காலியை முன் சீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, நான்கு பக்கமும் வாரால் இறுக்கினார்கள். வண்டி கிளம்பியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, இன்னும் நூறு அடியில இடது பக்கம். பெரிய வளைவு. ரோட்டைப் பாரு, உடம்பை இடது பக்கம் சாய். ஆங், அப்படித்தான். அடுத்தது ஒரு மேடு."

"ஏங்க, நான் ஓட்டறேனா, இல்ல அவர் ஓட்டறாரா?" என்றார் வீட்டுக்காரர்.

அன்றைக்கு ஒரே ஒரு பைதான் செலவானது.

ஐந்து வாரம், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று இடம். தையல்காரம்மா கழுத்து நாடாவால் அளந்து சொல்ல, மேப்பு எழுதினாள். மலை மேல் இருந்த காட்சி மேடைக்கு அருமையான சாய்தளம் போட்டிருந்தார்கள். ஏறிப் போனால் சுற்றி நாலடிச் சுவர். உட்கார்ந்திருப்பவருக்குச் சுவர்தான் காட்சி. "சிமென்ட் பூச்சு நல்லாத்தான் இருக்கு," என்றார் நாற்காலியிலிருந்த பழைய டிரைவர். அருங்காட்சியகத்தில் தனி வழி இருந்தது, பூட்டு போட்டு. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். ஏரிக்கரை விடுதியில் 'இவர்களுக்கென்றே' ஒதுக்கிய தரைத்தள அறையைத் திறந்தால் மெத்தைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. மேப்பு மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டாள். "யாரும் வர்றதில்ல மேடம், அதான்." "நீங்க மெத்தையைப் போட்டு வெச்சா எப்படி வருவாங்க?" என்றாள். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் அறை காலியானது. அந்த இடம் தேறியது. இப்படியாக ஏழு இடங்கள் அடிபட்டன, ஐந்து மிஞ்சின. அந்த ஐந்தில் கடல் இல்லை.

கடைசி ஞாயிறு காலை, மூன்றாவது கடற்கரையிலும் மணல் சக்கரத்தை விழுங்கியது. பத்தடி போவதற்குள் நால்வரும் தலையால் தண்ணீர் குடித்தார்கள். நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து வேனில் ஏற்றினார்கள். டிரைவர் இந்தத் தடவை வளைவுகளைச் சொல்லவில்லை. மேப்பு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு மைல் போயிருப்பார்கள். "நிறுத்து, நிறுத்து!" என்று பின்னாலிருந்து சத்தம். எதிரே ஒரு லாரி ஈரச் சக்கரத்தோடு குறுக்குத் தெருவிலிருந்து ஏறி வந்தது. மீன் பெட்டிகள் சொட்டிக்கொண்டிருந்தன. "டயரைப் பாரு. தண்ணிக்குள்ள நின்னுட்டு வருது. லாரி போற இடத்துக்கு என் வண்டி போகாதா?"

திரும்பினார்கள். படகுகளை இழுத்து ஏற்றுவதற்காகப் போட்ட சிமென்ட் சரிவு அது. அகலமாக, சொரசொரப்பாக, நேரே கடலுக்குள் இறங்கியது. மீன் வாடை மூக்கைத் துளைத்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "ஒம்பது மணிக்கு மேல லாரி வராது. கடைசி ரெண்டடி பாசி, அதுல மட்டும் கால் வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, கேட்காமலே நீளமான கயிறு ஒன்றை எடுத்து வந்தார். நாற்காலியின் பின்கம்பியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைப் படகு கட்டும் இரும்புக் குமிழில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள்.

பாசிக்கு ஒரு முழம் முன்னால் டிரைவர் பிரேக்கைப் போட்டார். முதல் அலை வரவில்லை. இரண்டாவது, சக்கரத்தைத் தொட்டுவிட்டுப் போனது. மூன்றாவது முழங்கால் வரை அடித்தது. அவருக்குக் காலில் உணர்ச்சி கிடையாது. குனிந்து கையை நீட்டி, போகிற தண்ணீரைப் பிடித்தார். முகத்தில் அப்பிக்கொண்டார்.

"என்னா உப்பு!" என்றார், யாரிடமோ புகார் சொல்வதுபோல.

தையல்காரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றார். மேப்பு திரும்பிக்கொண்டு, கயிற்றின் நீளத்தை அளக்கப் போனாள்.

திங்கட்கிழமை முதலாளி காத்திருந்தார். அவள் வந்து அளந்துவிட்டுப் போனதற்காக இரண்டு விடுதிக்காரர்கள் போன் போட்டுக் கத்தியிருந்தார்கள்.

"அவங்க நமக்குப் பல வருஷப் பழக்கம். பழைய பக்கமே போகட்டும். நீ எழுதினதை நீயே வெச்சுக்கோ."

"சரி சார். கையேட்டுல என்ன வேணா போடுங்க," என்றாள் மேப்பு. "ஆனா போனை எடுக்கறது நான்தான். யார் கேட்டாலும் நாப்பத்தி மூணு படின்னு சொல்லுவேன். சுவர் நாலடின்னு சொல்லுவேன். என்னை வேலையை விட்டு எடுத்தா, வீட்டுப் போன்லயும் அதையேதான் சொல்லுவேன்."

முதலாளி அவள் நோட்டை இழுத்துப் புரட்டினார். மெத்தை அறைக் கதையில் சற்று நின்றார். படகுச் சரிவைப் பற்றிய பக்கம் வந்ததும், "இங்க ஓட்டலே இல்லையே. நமக்கு என்ன லாபம்?" என்றார்.

"லாபம் இல்ல சார். கடல் இருக்கு."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பித் தரவும் இல்லை. கையேடு வந்தபோது பழைய பகுதி போயிருந்தது. பின் அட்டைக்கு முன்னால் நான்கு பக்கம், பொடி எழுத்தில்: ஆறு இடங்கள், கதவு அகலம், வாசப்படி உயரம், லாரி நிற்கும் நேரம், பாசி எங்கே தொடங்குகிறது, கயிறு எத்தனை அடி வேண்டும். 'அழகான' என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. இரண்டு விடுதிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். மலைக் காட்சி மேடையைப் பார்த்துக்கொள்பவர் போன் போட்டு, அந்தச் சுவரை எவ்வளவு குறைத்தால் சரியாக இருக்கும் என்று கேட்டார். டிரைவர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் காஜா எடுப்பதில்லை என்று தையல்காரம்மா குறைப்பட்டுக்கொண்டார்.

கையேடு வந்த இரண்டாம் வாரம் ஒரு பெண் கூப்பிட்டாள்.

"உங்க கையேட்டோட கடைசி நாலு பக்கத்தைத் தங்கச்சி படிச்சுக் காட்டினா. எனக்கு நடக்கறதுல பிரச்சினை இல்ல, கண்ணுதான் தெரியாது. எந்த ஊருக்குப் போனா எனக்கு நல்லா இருக்கும்? காட்சி, மேடை, சூரிய உதயம்னு மட்டும் சொல்லாதீங்க."

மேப்பு கையேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். நூற்றுப் பத்துப் பக்கமும் பார்க்க வேண்டியவைதான். மூடி வைத்தாள்.

"எனக்குத் தெரியலங்க," என்றாள். "ரெண்டு வாரம் டைம் குடுங்க. ஆமா, சனிக்கிழமை நீங்க ஃப்ரீயா?"