ஒரு கிலோ ரூபிள்

தொம்மென்று மேஜை அதிர்ந்தது. லென்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

பழைய நாணயங்களை வாங்கி விற்கும் அவளுக்கு அந்தத் தெரு வைத்திருந்த பெயர் லென்ஸ். எதிரே துணிப்பையும் மூச்சிரைப்புமாக நின்றவள் அவளுடைய அண்ணி. எதிர்ச்சாரியில் அதே வியாபாரம் செய்யும் அண்ணனின் மனைவி. அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசி வருடக்கணக்காகிறது.

"என்ன அண்ணி, எடைக்கல்லைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

"எடைக்கல் இல்லம்மா, காசு. ரஷ்யக் காசு. உங்க அண்ணன் கடையை அடமானம் வச்சு வாங்கின காசு!"

பையிலிருந்து வெளிப்பட்டது ஒரு செம்பு ரூபிள். உள்ளங்கை அகலம், இரண்டு விரல் கனம். சட்டைப்பையில் போட்டால் சட்டையே கிழிந்துவிடும்.

"ஏலக் கம்பெனிக்கு இவரே போட்டோ எடுத்து அனுப்பினார். மேலெல்லாம் பொடிக் குழியா இருக்கு, உருக்கி வார்த்த போலின்னு பதில் வந்துடுச்சு. மனுஷன் சாப்பிடல, தூங்கல. வித்த ஆளுக்கு போன் போட்டார். அவன் இப்போ நம்ம கடையில பணத்தோட உட்கார்ந்திருக்கான். வீட்டிலிருந்து காசை எடுத்துட்டு வான்னு என்னை விரட்டினார். வர்ற வழியில உன் கடை கண்ணுல பட்டுச்சு."

"தெருவைத் தாண்டி வந்து பட்டுச்சாக்கும்?"

"கேலி அப்புறம் பண்ணு. முதல்ல பாரு."

"முழுப் பணமும் கொண்டு வந்திருக்கானா?"

"ஒரு பைசா குறைக்கல. சண்டையும் போடல. நல்ல மனுஷன்."

லென்ஸின் புருவம் உயர்ந்தது. போலியை விற்றவன் போனை எடுக்க மாட்டான்; எடுத்தாலும் ஊரில் இல்லை என்பான். கூப்பிட்ட குரலுக்குப் பணத்தோடு ஓடி வந்தவன் நல்லவனாக இருக்கலாம். விவரமானவனாகவும் இருக்கலாம்.

தராசில் வைத்தாள். ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இருக்க வேண்டிய எடைதான். மேஜை விளக்கைச் சாய்த்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தாள். எழுத்துக்களைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குழிகள். பார்த்தவுடன் யாரும் போலி என்றுதான் சொல்வார்கள்.

அவள் சொல்லவில்லை. விளக்கைக் காசின் மறுபக்கத்துக்கு நகர்த்தினாள். குழிகள் சட்டென்று புரண்டு மேடுகளாயின.

"அட!" என்றாள் அண்ணி, தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து. "இப்போ எது நிஜம்?"

"கண்ணு ஏமாத்தும், குச்சி ஏமாத்தாது."

பல்குச்சி ஒன்றை எடுத்து அதன் முனையைச் செம்பின் மேல் மெல்ல ஓட்டினாள். குழியென்றால் முனை இறங்க வேண்டும். இது ஏறி ஏறி இறங்கியது. ஒவ்வொரு மேடும் கூராக, மழுங்காமல் நின்றது. வார்ப்பில் எடுத்த நகலென்றால் இந்தக் கூர் வராது.

போதும். பையை அவளே தூக்கிக்கொண்டாள். "வாங்க அண்ணி."

"எங்கே? உங்க அண்ணன் பார்த்தா..."

"பார்க்கட்டும்னுதான் வர்றேன்."

எதிர்க்கடையில் அண்ணன் நாற்காலியில் துவண்டு கிடந்தார். அவருக்கு எதிரே ஒரு தொப்பிக்காரன். மேஜை மேல் நோட்டுக் கட்டுகள்; அவற்றின் பக்கத்தில், அழகாக மடித்து விரித்த ஒரு பூத்துவாலை.

தங்கையைக் கண்டதும் அண்ணன் நிமிர்ந்தார். "உன்னை யாரு கூப்பிட்டா?"

"உங்க பொண்டாட்டி." லென்ஸின் பார்வை துவாலையை விட்டு நகரவில்லை. "இது எதுக்குங்க?"

"காசை வைக்கத்தாம்மா," என்றான் தொப்பிக்காரன். "கீறல் விழுந்துடக் கூடாதில்ல?"

"போலிக்குப் படுக்கை விரிக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன். வித்தப்புறம்தான் இதோட மதிப்பு தெரிஞ்சுதா?"

லென்ஸ் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, பணத்துல கை வைக்காதீங்க. இது நிஜம்."

"ஏலக் கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?"

"அவங்க பார்த்தது உங்க போட்டோவை. விளக்கைக் கீழே வச்சு எடுத்தீங்களா? வெளிச்சம் கீழேருந்து வந்தா மேடெல்லாம் குழியாத் தெரியும்."

கீழேதான் வைத்திருந்தார் என்பதை அண்ணனின் சிவந்த காதுமடல் சொன்னது.

"அப்பா கடையில வாடிக்கையாளர் முன்னாடி உங்க காசு ஒண்ணைப் போலின்னு சொன்னேன். கடையையே ரெண்டாக்கினீங்க. அது போலிதானே?"

"...ம்."

"அன்னிக்குப் பொய் சொல்லாத வாய்தான் இன்னிக்கும் சொல்லுது."

அண்ணன் எழுந்தார். மேஜை விளக்கை இழுத்துக் காசைச் சுற்றிக் கையாலேயே ஒரு வட்டம் போட்டார். குழி, மேடு, குழி, மேடு. நகத்தால் தடவிப் பார்த்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அச்சுல துரு," என்றார் மெதுவாக.

"அதேதான். அச்சைத் துரு தின்ன குழியெல்லாம் காசுல மேடா விழுந்திருக்கு. ஆயிரத்து எழுநூத்து எழுபத்தொண்ணுல ரஷ்ய மகாராணி அடிக்கச் சொன்னது. இவ்வளவு செம்பை அடிக்க முடியாம நாலைஞ்சோட விட்டுட்டாங்க. பிற்பாடு பணக்கார சேகரிப்பாளருங்க கேட்டாங்கன்னு, துருப்பிடிச்ச பழைய அச்சை எடுத்து அரசாங்கமே இன்னும் கொஞ்சம் அடிச்சுது. இது அந்த ரெண்டாம் வரிசை. முதல் வரிசைன்னு நினைச்சு வாங்கினீங்கன்னா ஏமாந்தீங்க. ஆனா குடுத்த விலைக்கு நாலு மடங்கு தாராளமாப் போகும்."

"நான் ரெண்டு மடங்கு இப்பவே தர்றேன்!" என்று தொப்பிக்காரன் துள்ளி எழுந்தான்.

அண்ணி சிரித்துவிட்டாள். "போலிக்கா?"

அண்ணன் நோட்டுக் கட்டுகளை ஒவ்வொன்றாக அவன் பக்கம் தள்ளினார். அவன் கடுகடுப்புடன் பையில் திணித்துக்கொண்டு துவாலைக்குக் கை நீட்டினான். அதற்குள் அதன் மேல் ரூபிள் தொம்மென்று உட்கார்ந்துவிட்டது.

"அதை விட்டுட்டுப் போங்க," என்றார் அண்ணன். பிறகு தங்கையைப் பார்க்காமலே நாற்காலி ஒன்றைக் காலால் அவள் பக்கம் நகர்த்தினார். "நீ உட்காரு. ஏலக் கம்பெனிக்குப் புது போட்டோ எடுக்கணும். விளக்கை நீயே பிடி."