கதிரையில் விட்டுப்போன குரல்

1953ஆம் ஆண்டு ஆவணி மாதத்து இரண்டாவது வெள்ளிக்கிழமை, கனகராயன்குளத்தில் நடராசா தன் மனைவி பத்மாசனியை விட்டுப் போனபோது, குரலை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனான். இரண்டு சாரம், சவரப் பெட்டி, சைக்கிள் எல்லாவற்றையும் ஞாபகமாக எடுத்துக்கொண்டவன், விறாந்தையில் தான் வழக்கமாகச் சாய்ந்திருக்கும் கதிரையில் குரலை விட்டிருந்தான். மறுநாள் காலை ஐந்தரை மணிக்குக் கதிரை, "இஞ்சேர், தேத்தண்ணி" என்றது. பத்மாசனி தேத்தண்ணி போட்டுக் கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அது ஆடை படிந்து ஆறியது. எடுத்துப்போய்க் குசினிக்குப் பின்னால் நின்ற வாழையடியில் ஊற்றினாள். மூன்றரை வருடம் இப்படி ஊற்றியதில் அந்த வாழை ஊரிலேயே பெரிய குலைகளைப் போட்டது. அதைப் பார்க்க மாங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

ஊர் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு ஆனை, மலேரியா, தண்ணீர்ப் பங்கீடு என்று யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன. ஆம்பிளைச் சத்தம் கேட்கிற வீட்டுக்குக் கள்ளன் வரமாட்டான் என்று பெரியவர்கள் பத்மாசனிக்கு ஆறுதல் சொன்னார்கள். பக்கத்து வளவு ஜெகதீஸ்வரி அவளைப் பார்த்துப் பொறாமையே பட்டாள். "உனக்கென்னடி குறை? என்ரை மனுசனுக்குக் குரலோடை கையுமெல்லே இருக்கு" என்றாள். சைக்கிளில் துணி விற்க வரும் பாறூக் நானா படலையில் நின்று, கதிரைக்கு முதலில் வணக்கம் சொல்லி, பிறகுதான் பொட்டலத்தை அவிழ்ப்பார். "ஒண்டும் வேண்டாம், போம்" என்று கதிரை சொல்லும். அவர் மறுபடி கட்டிக்கொண்டு போவார். அந்த மூன்றரை வருடத்தில் பத்மாசனி ஒரு சேலையும் வாங்கவில்லை. வீடும், குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயலும் அவளுடைய சீதனம். காணி உறுதியும் அவளுடைய பெயரில் இருந்தது. ஆனால் எந்த நெல் விதைப்பது, எப்போது கதவைப் பூட்டுவது, கறிக்கு எவ்வளவு உப்பு என்பதையெல்லாம் கதிரைதான் சொல்லிக்கொண்டிருந்தது. கறியை ஒரு நாளும் அது சாப்பிட்டதில்லை. ஆனாலும் உப்புக் கூடிப்போச்சு என்று சொல்லத் தவறியதில்லை.

நடராசாவின் மிச்சம் மாங்குளத்தில், புகையிரத நிலையத்துக்கு எதிரே தேநீர்க் கடை வைத்திருந்த இராசேஸ்வரியோடு வாழ்ந்தது. அவன் விறகு கொத்தினான், தண்ணீர் அள்ளினான், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினான். தன் ஆயுளில் இப்படியொரு நல்ல மனுசனைக் கண்டதில்லை என்று இராசேஸ்வரி கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

1957 தை மாதத்தில் ஒரு நாள் பத்மாசனி கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் படலைக்கு வெளியே வைத்தாள். அது குளக்கட்டுவரை கேட்கக் கத்தியது. மூன்று பெரியவர்கள் ஓடிவந்து, அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே வைத்து, அவளுக்காக அதனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார்கள். மறுநாள் அவள் முதல் பஸ்ஸில் ஏறி, நகரத்தில் வழக்குப் பேசும் பிறக்கிராசி யோகலிங்கத்திடம் போனாள்.

அவர் முழுவதையும் கேட்டார். வியப்படையவில்லை. "கதிரையிலை கை வைக்காதேங்கோ அம்மா. நீங்கள் தூக்கி வெளியிலை வைச்சால், நீங்கள்தான் புருசனைக் கலைச்சது எண்டு எழுதிப்போடுவினம். அவர் விட்டுப்போனவராய் இருக்கவேணும், நீங்கள் அவர் வருவார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தவவாய் இருக்கவேணும். அப்பதான் விவாகப் பிரிவினை கிடைக்கும்."

"அவர் வீட்டிலைதானே ஐயா கத்திக்கொண்டு இருக்கிறார்?"

"அவர் இருக்கிறாரோ போயிட்டாரோ எண்டதைக் கோட்டிலை நீதவான் தீர்மானிப்பார். தீர்ப்பு வந்த அண்டைக்குக் கதிரையை எங்கை வேணுமெண்டாலும் கொண்டுபோங்கோ. அதுவரைக்கும் தூசிகூடத் தட்டாதேங்கோ."

அழைப்பாணையோடு வந்த சேவகர் படலையில் நின்று நடராசாவின் பெயரைக் கூப்பிட்டார். "ஆர் அது?" என்று உள்ளேயிருந்து அதட்டல் வந்தது. அவர் கடதாசியைக் கதிரையில் வைத்து, பிரதிவாதி நேரில் பெற்றுக்கொண்டார் என்று எழுதிக்கொண்டு போனார். கடதாசி கிடைக்காத நடராசா செய்தி கேள்விப்பட்டுத் தானாகவே பஸ் ஏறி நீதிமன்றத்துக்கு வந்தான். அவனுக்கு அப்போது விவாகப் பிரிவினை பத்மாசனியைவிட அவசரமாகத் தேவைப்பட்டது. இராசேஸ்வரி தாலி கேட்டிருந்தாள்.

முதல் தவணையில் நீதவான் பத்மாசனியிடம் கணவனின் பெயரைக் கேட்டார். புருசனின் பெயரைப் பெண்சாதி வாயால் சொன்னால் அவனுடைய ஆயுள் குறையும் என்பது அவளுக்கு மூன்று வயதிலேயே தெரிந்த விஷயம். அவனை விட்டு விலகவே வந்திருந்தாள், ஆயுளைக் குறைக்க வரவில்லை. மூன்றாம் தரம் கேட்டபோது, எல்லாப் பெண்களும் செய்வதைச் செய்தாள். "சிதம்பரத்திலை ஆடுறவர்" என்றாள். மொழிபெயர்ப்பாளருக்கு அது விளங்கியது. ஆனால் விளங்கியதைச் சொல்ல அவருக்குச் சம்பளம் இல்லை, சொன்னதைச் சொல்லத்தான் சம்பளம். கணவர் தென்னிந்தியாவில் நடனமாடுகிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொழும்பிலிருந்து புதிதாக வந்திருந்த நீதவான் அதை எழுதி, அழைப்பாணையைச் சிதம்பரத்துக்கு அனுப்பும்படி கட்டளையிட்டார். நடராசா ஐந்தடி தூரத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தான். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அழைப்பாணை, உரியவர் கையேற்கவில்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது.

அடுத்த இரண்டு வருடமும் தவணைகளில் கழிந்தன. நீதவான் விடுமுறையில் இருந்தார், மாற்றலாகிப் போனார், வந்தவருக்குப் பழைய வழக்கேடு கிடைக்கவில்லை, கிடைத்தபோது அது மழையில் நனைந்திருந்தது. வேறு வழக்காளிகள் தவணை போட்ட அன்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். பத்மாசனி மட்டும் சந்தோஷப்பட்டாள். இதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. பஸ் நாலு கட்டை தூரம் தாண்டியதும் கதிரையின் சத்தம் காதில் நின்றுவிடும். நீதிமன்ற வளவு மருதமரத்தின் கீழ் பொழுது முழுவதும் சும்மா இருப்பாள். சும்மா இருந்தபோதுதான் ஒன்றைக் கண்டாள். அவள் எதையாவது நினைக்கத் தொடங்கினால், பாதியில் அவளுக்குள்ளேயே யாரோ குறுக்கிட்டு அதை முடித்து வைத்தார்கள். வெளியே இருந்த கதிரையைப் போல உள்ளேயும் ஒன்று போட்டிருந்தது. அதைத் தூக்கி வெளியே வைக்க எந்தப் பிறக்கிராசியைப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஏழாவது தவணையன்று, மத்தியானம் தாண்டிய பிறகு, பிறந்து முப்பத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு நினைப்பைத் தொடங்கித் தானே முடித்தாள். எனக்குத் தேத்தண்ணி விருப்பமில்லை என்பதே அந்த நினைப்பு. அவள் அதை நாலைந்து முறை திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தாள். யாரும் குறுக்கிடவில்லை.

அன்று பின்னேரம் நடராசா பசியோடு மரத்தடியில் நிற்பதைக் கண்டு, தன் சோற்றுப் பொட்டலத்தில் பாதியைக் கொடுத்தாள். இரண்டாவது நீதவான் அதை யன்னலால் பார்த்துவிட்டார். ஒன்றாகச் சோறு தின்கிறவர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்றார். இல்லை என்று நடராசா வேகமாகத் தலையாட்டினான். அப்படியானால் இருவரும் பேசி வைத்துக்கொண்டு நீதிமன்றத்தை ஏமாற்றுகிறார்கள் என்றார். இரண்டு பேரும் பிரிய விரும்பினால் சட்டம் பிரிக்காது, ஒருவர் மாட்டேன் என்று நின்றால்தான் பிரிக்கலாம் என்று விளக்கினார். யோகலிங்கம் எழும்பி, மாட்டேன் என்று நிற்கிற ஒருவர் இருக்கிறார், ஆனால் அவரை இங்கே கொண்டுவர முடியாது, விறாந்தையில் இருக்கிறார் என்றார்.

1961 மாசியில் மூன்றாவது நீதவான், மொழிபெயர்ப்பாளரும் தட்டச்சுப் பொறியும் சகிதம் காரில் கனகராயன்குளத்துக்கு வந்தார். ஊர் முழுவதும் வேலியில் நின்றது. நடராசா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றான். கதிரை நல்ல தெளிவாகச் சாட்சி சொன்னது.

"நான் எங்கையும் போகேல்லை. எட்டு வருசமாய் இஞ்சைதான் இருக்கிறன். ஒரு நாள் எண்டாலும் இந்த வீட்டை விட்டு அசைஞ்சனானோ எண்டு சனத்தைக் கேளுங்கோ. இவள்தான் என்னைப் படலையிலை கொண்டுபோய் வைச்சவள்."

வேலியில் நின்ற பெரியவர்கள் ஆமோதித்தார்கள். தட்டச்சுப் பொறி டக்டக்கென்று அடித்தது. வழக்கு அத்தோடு முடிந்தது என்றே பத்மாசனி நினைத்தாள்.

யோகலிங்கம் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். "முன்னுக்கு நிக்கிறவ உங்கடை மனுசியோ?"

"ஓம்."

"அவவின்ரை பேரைச் சொல்லுங்கோ."

"இஞ்சேர்" என்றது கதிரை.

"அது எல்லாரும் பெண்சாதியைக் கூப்பிடுறது. நான் பேரைக் கேக்கிறன்."

"அவளைக் கேளுங்கோ, அவளுக்குத் தெரியும்" என்றது.

வேலியில் யாரோ சிரித்தார்கள். ஜெகதீஸ்வரியாக இருக்கலாம். பல ஆண்கள் சிரிக்கவில்லை. அவர்கள் தங்கள் வீட்டுப் பெயர்களை அவசரமாக யோசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகலிங்கம் திரும்பிப் பத்மாசனியிடம், உங்களுக்கு அவருடைய பெயர் தெரியுமா என்று கேட்டார். அவள் கதிரையைப் பார்த்தாள், படலையையும் பார்த்தாள். "நடராசா" என்றாள். வேலிப் பெண்கள் வாயில் கை வைத்தார்கள். படலையில் நின்றவன் யாரோ கூப்பிட்டதுபோல நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை அவள் கவனித்துக்கொண்டாள்.

பெண்சாதியின் பெயர் தெரியாதவர் அந்த வீட்டில் குடியிருந்தார் என்று கொள்ளலாமே தவிர, கணவனாக இருந்தார் என்று கொள்ள முடியாது, ஆகவே பிரதிவாதி விட்டுப்போனவரே என்று நீதவான் அந்த விறாந்தையிலேயே தீர்ப்பெழுதி வாசித்தார். மூன்று மாதத்தில் யாரும் மனம் மாறாவிட்டால் தீர்ப்பு முழுமையாகும். அதுவரை கதிரையைத் தொடக்கூடாது என்று யோகலிங்கம் மறுபடியும் சொன்னார்.

அந்த மூன்று மாதம்தான் எல்லா வருடத்தையும்விடக் கடினமாக இருந்தது. கதிரை நல்லவனாக மாறியது. தீர்ப்பு வாசித்தபோது பெயரைக் கேட்டுப் பாடமாக்கியிருந்தது. "பத்மாசனி, நித்திரை கொண்டனீரோ?" என்று காலையில் கேட்டது. உப்பு அளவாக இருக்கிறது என்றது. பாறூக் நானாவைக் கூப்பிட்டு நிறுத்தி, நீலச் சேலை அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்றது. பதினேழு வயதில் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவள் கேட்க ஆசைப்பட்ட சொற்கள் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவளுக்கு நெஞ்சு இளகியது. இளகியதை மறைக்க முடியவில்லை. எண்பத்தொன்பதாம் நாள் காலை ஐந்தரைக்கு, "பத்மாசனி, ஏலுமெண்டால் ஒரு தேத்தண்ணி" என்று மெதுவாகக் கேட்டது. அவள் எழும்பினாள், அடுப்பை மூட்டினாள், கேத்தலை வைத்தாள். தண்ணீர் கொதிக்கும்போது, கேட்கிறவருக்கு வாய் இல்லை என்பது ஞாபகம் வந்தது. போடுகிறவளுக்குத் தேத்தண்ணி விருப்பமில்லை என்பதும் ஞாபகம் வந்தது. அந்த இரண்டாவது நினைப்பு அவளுடைய சொந்தமானது. கேத்தலை இறக்கி, வெறும் சுடுதண்ணீரை ஊதி ஊதித் தானே குடித்தாள்.

தீர்ப்பு முழுமையான அன்று கதிரையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு குளக்கட்டு வழியாக வயலுக்குப் போனாள். வழி முழுவதும் அது கத்தியது. இம்முறை பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை, அவள் கையில் முத்திரை குத்திய கடதாசி இருந்தது. பன்றிக்காவல் கொட்டிலில், வயலைப் பார்த்தபடி அதை வைத்துவிட்டுத் திரும்பினாள். அந்தப் போகம் அவளுடைய வயலில் மட்டும் பன்றி இறங்கவில்லை. நடராசா இராசேஸ்வரிக்குத் தாலி கட்டினான். ஆயுளும் குறையவில்லை, எழுபது தாண்டும் போலத்தான் தெரிகிறது.

1964இல் ஜெகதீஸ்வரி நகரத்துக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினாள். அவளுக்குப் பிறகு வேறு சிலரும் ஏறினார்கள். இப்போது குளத்துக்குக் கீழே ஏழு கொட்டில்களில் ஏழு கதிரைகள் இருக்கின்றன. ஐந்தரை மணிக்கு அவை ஒன்றாகத் தேத்தண்ணி கேட்பதைக் கேட்டு, சனம் வேலைக்கு எழும்புகிறது. பன்றித் தொல்லை அடியோடு இல்லை. பத்மாசனியின் குசினிக்குப் பின்னால் நிற்கும் வாழை மட்டும், தேத்தண்ணி நின்ற பிறகு, மற்ற வாழைகளைப் போலச் சின்னக் குலைதான் போடுகிறது.