நான்காம் மாடியிலிருந்து கீழே

லிஃப்ட்காரர் மூன்று வாரமாக ஒரு தப்பை வெகு சிரத்தையாகச் செய்துவந்தார் என்பது அன்று மதிய இடைவேளையில்தான் தெரியவந்தது. புரோஸ்டேட் ஆபரேஷன் முடிந்து குழாயை எடுத்த நாளிலிருந்து சிறுநீர் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நல்லவேளை, பிசியோதெரபி அறை அவர் ஓட்டும் லிஃப்டின் நான்காம் மாடியிலேயே இருந்தது. அங்கே பயிற்சி சொல்லித்தரும் பெண்ணுக்கு அவர் மகள் வயது. "ஒண்ணுக்குப் போகும்போது நடுவுல நிறுத்துவீங்கல்ல, அந்த மாதிரி உள்ளுக்குள்ள இறுக்குங்க. பத்து எண்ணுங்க. அப்புறம் விடுங்க" என்று அவள் முதல் நாள் சொன்னபோது அவர் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

எண்ணுவானேன்? கீழ்த்தளத்திலிருந்து நான்காம் மாடிக்குச் சரியாகப் பத்து எண்ணிக்கை. ஏறும்போது பிடித்தார், இறங்கும்போது விட்டார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், ஒரு நாளைக்கு நாற்பது தடவை. இப்படி ஒரு ஒழுங்கான நோயாளி அவளுக்கு அதற்கு முன் கிடைத்திருக்கமாட்டார்.

"எப்பல்லாம் ஒழுகுதுண்ணே?" என்று அன்று மதியம் அவள் கேட்டாள்.

"எறங்கும்போது மட்டும்தாம்மா. ஏறும்போது ஒரு சொட்டு வராது."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எறங்கும்போது என்ன பண்றீங்க?"

"நீங்க சொன்னதுதான். மூச்சை அடக்கி, நல்லா கீழ முக்கி விடுறேன்."

"ஐயோ, விடுறதுன்னா சும்மா தளர்த்துறதுண்ணே. முக்கவே கூடாது. எறங்கினா விடணும்னு உங்க உடம்புக்கு நீங்களே பாடம் எடுத்துருக்கீங்க."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தார். ஏறிக்கொண்டே இருக்கிற லிஃப்ட் எந்த ஊரில் இருக்கிறது?

"ஒரு பதினஞ்சு நாள் லீவு போடுங்க. மாத்திடலாம்."

"லீவு போட்டா திரும்பி வர எடம் இருக்காதும்மா."

அது வெறும் பயமல்ல. பேடு வைத்தும், மதியத்துக்குள் அது கனத்துவிடும். அன்று காலையில்தான் கட்டட மேனேஜர் லிஃப்டில் மூக்கைச் சுளித்து, "என்னய்யா வாடை?" என்று கேட்டிருந்தார். இவர், யாரோ தூக்கிவந்த கைக்குழந்தைமேல் பழியைப் போட்டுத் தப்பித்தார். மேனேஜரோ, பொத்தானை அமுக்க ஓர் ஆள் எதற்கு என்று ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிற மனிதர். இன்னொரு தடவை அவர் மூக்குக்கு எட்டினால் வேலை போச்சு. வீட்டில் மனைவியிடமும் எல்லாம் சரியாகிவிட்டதாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வெளியே வந்தால், லிஃப்ட் வாசலில் அதே மேனேஜர், போனும் காதுமாக. "எங்கய்யா போன? கீழ போ."

கதவு மூடப்போன சமயம் பிசியோதெரபிப் பெண் ஓடிவந்து உள்ளே நுழைந்தாள். அறையில் அடுத்த ஆள் காத்திருந்தார். அவளுக்குக் கீழே ஒரு வேலையும் கிடையாது. மேனேஜருக்கும் ஸ்டூலுக்கும் நடுவில், இவருக்கு முதுகு காட்டி நின்றாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முதுகுக்குப் பின்னால் அவள் கை மெல்ல மூடியது. பிடிங்க என்கிறாள். பிடித்தார். மூன்றாம் மாடி. கை மூடியே இருந்தது. அவருக்கு அழுகை வரும்போலிருந்தது.

இரண்டாம் மாடியில் லிஃப்ட் நின்றது. அலுவலகக் கூட்டம் சளசளவென்று உள்ளே ஏறி, அவளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அவரை ஸ்டூலோடு மூலையில் நெருக்கியது. தோள்களும் பைகளுமாகத் தெரிந்தனவே தவிர, அந்தக் கை தெரியவில்லை. கதவு மூடியது.

"என்னய்யா உக்காந்துருக்க? அமுக்கு" என்றார் மேனேஜர்.

அப்போதுதான் தன் கைகள் இரண்டும் அவள் கையைப் போலவே மடியில் இறுக மூடியிருப்பதை லிஃப்ட்காரர் பார்த்தார். வலது கையிலிருந்து ஒரே ஒரு விரலை மட்டும் பிரித்து எடுத்தார்.