ஐம்பது ஓம்

மெஷினைச் சரிபார்க்கக் கடையில் விற்கிற அளவுத் துண்டுகள் எங்கள் சர்க்யூட் பலகையில் உட்காராது. அதனால் தேவையான மூன்று துண்டுகளையும் நானே செய்தேன். மைக்ரோவேவ் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது என்று பார்க்கிற மெஷின் எங்களுடையது. அளக்கும் முன் அதற்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். முனை திறந்த துண்டிலும் மூடிய துண்டிலும் அலை முழுசாகத் திரும்பிவிடும். மூன்றாவது துண்டுக்கு லோடு என்று பெயர், ஐம்பது ஓம். அதில் எதுவுமே திரும்பக் கூடாது. நூறு ஓம் ரெசிஸ்டர் இரண்டை இணையாக வைத்தால் ஐம்பது. கடுகளவுதான் இருக்கும். என் கையாலேயே சால்டர் செய்தேன்.

அந்தத் துண்டுகளால் மெஷினைச் சரிசெய்துவிட்டு, தேவேந்திரன் செய்த நாற்பது ஆன்டெனாவையும் அளந்தேன். நல்ல ஆன்டெனாவிலும் அலை திரும்பக் கூடாது. நாற்பதும் ஃபெயில்.

தேவேந்திரன் சித்தூர் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். கான்ட்ராக்ட் ஆள், அடுத்த மாதம் பெர்மனென்ட் ஆக வேண்டியவர்.

"சால்டரிங் பண்றப்போ கண்ணு எங்க இருந்துச்சு தேவேந்திரா?" என்று ஆறு பேர் முன்னால் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

"பாத்துக்கினேதான் வெச்சேன் மேடம். ஒண்ணு ரெண்டு போவலாம். நாப்பதும் எப்டிப் போவும்?"

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

மேனேஜர் வேங்கடாசலம் சாரிடம் ரிப்போர்ட்டைக் கொடுத்தேன். "நாளையிலிருந்து வர வேணாம்னு சொல்லிடறேன் தாட்சாயணி" என்றார். சரி சார் என்று வந்துவிட்டேன். மத்தியானம் சாப்பாட்டை வைத்துவிட்டு மறுபடி மெஷினிடம் போனேன். நாற்பதும் எப்படிப் போகும்?

லோடை மாட்டி அளந்தேன். எதுவும் திரும்பவில்லை என்றது மெஷின். அப்பாடா என்று உட்கார்ந்தவளுக்குச் சுரீரென்றது. அடி மக்கு! எதுவும் திரும்பாதது எப்படி இருக்கும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே இந்தத் துண்டுதானே. அதையே காட்டிக் கேட்டால் வேறென்ன சொல்லும்?

சாதாரண மல்டிமீட்டரை வைத்தேன். ஐம்பது வர வேண்டிய இடத்தில் நூறு. லென்ஸில் பார்த்தால், ஒரு ரெசிஸ்டரின் முனையில் ஈயம் பிடிக்கவே இல்லை. நூறைத்தான் சரி என்று மெஷினுக்குத் தப்புப் பாடம் சொல்லியிருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

அதைச் சரிசெய்து, மெஷினுக்குப் புதிதாகப் பாடம் சொல்லி, எல்லாவற்றையும் மறுபடி அளந்தேன். முப்பத்தொன்பது பாஸ், ஒன்று ஃபெயில். சாரிடம் ஓடினேன்.

"அப்போ அவன் இருக்கட்டும். மெஷின் ப்ராப்ளம்னு போட்டுடலாம்மா. உன் பேர் எதுக்கு?" என்றார்.

"வேணாம் சார்."

தேவேந்திரன் சித்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அதே ஆறு பேரும் இருந்தார்கள்.

"தேவேந்திரன், போகாதீங்க. தப்பு என் சால்டரிங்ல. உங்களுது முப்பத்தொம்பது பாஸ். காலைல கத்தினதுக்கு மன்னிச்சிடுங்க."

அவர் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தார்.

"போனது ஒண்ணு இருக்குதில்ல மேடம், அதைக் குடுங்க."

லென்ஸுக்கு அடியில் வைத்து ஒரு நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"இது என் தப்புதான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, சால்டரிங் அயர்னைச் சூடேற்றினார்.