மேலக்காட்டோடு போன தங்கச்சி

நிச்சயத் தட்டு கைமாறப் போகிற நேரத்தில்தான் குலசாமிப் பேச்சு வந்தது.

“எங்களுக்கு ஆலடிக் கருப்பர்,” என்றார், மகன் சேரனுக்குப் பெண் கேட்டுக் கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்திருந்த வெள்ளைச்சாமி.

“எங்களுக்கும் அவருதாங்க,” என்றார் பெண்ணைப் பெற்ற செல்லமுத்து. சொன்ன கையோடு அவர் முகம் தொங்கிவிட்டது. ஒரே குலசாமி என்றால் பங்காளி. பங்காளிப் பிள்ளைகள் அண்ணன் தங்கை. தட்டு திரும்ப வேனில் ஏறிவிட்டது.

“கட்டுனா அவரைத்தான்ப்பா. அண்ணேன்னு கூப்பிட எனக்கு நாக்கு வராது,” என்றாள் அன்புமொழி.

“அவங்க பாட்டனும் நம்ம பாட்டனும் ஒரே பண்ணையில ஆளாக் கெடந்தவங்கம்மா. பண்ணையைப் பிரிச்சப்ப நம்மாளு கோயில்ல பிடிமண் எடுத்தாந்து இங்கிட்டு அன்னவாசல்ல சாமிய வச்சாரு. அண்ணந்தம்பியாத்தான் இருக்கணும்.”

“இருக்கணுமா, இருந்தாங்களா?”

மறுநாளே ஸ்கூட்டியில் போய், அந்தப் பண்ணையின் வாரிசு ஆண்டியப்பன் வீட்டில் நின்றாள். பண்ணையைப் பிரித்த பழைய உயில் பீரோவில்தான் இருந்தது. மனிதர்தான் எடுக்க மாட்டேன் என்றார்.

“அதுல ஆளுங்களையும் பங்கு போட்டிருக்காங்கம்மா. ஒனக்குக் காட்ட வெக்கமா இருக்கு.”

“வெக்கத்த அப்பறம் படுங்க சார். எனக்கு மொதல்ல கல்யாணம் ஆகணும்.”

சிரித்துவிட்டார். எடுத்து வந்து அவரே வாசித்தார்: “மூத்தவனுக்குக் கீழவயல், உழவுமாடு ஒரு சோடி, ஆள் வீரன். இளையவனுக்கு மேலக்காடு, கறவை ஒன்று, வீரன் தங்கை காத்தாயி…”

“மேலக்காடு எங்க அன்னவாசல் பக்கந்தானே சார்?”

“ஆமாம்மா. கீழவயலு கந்தர்வக்கோட்டைப் பக்கம். மேலக்காட்டுக்குப் போன ஆளு இந்தக் காத்தாயி ஒருத்திதான்.”

கறவைக்கு அடுத்து ஒருத்தி. அன்புமொழிக்கு நெஞ்சு எரிந்தது. கூடப் பிறந்தவனை விட்டுப் பிரித்து ஓட்டிவிட்ட பிறகும், மடியில் சாமி மண்ணை முடிந்துகொண்டு அன்னவாசலுக்கு வந்தது பாட்டன் இல்லை, இவள்தான்! எரிந்த நெஞ்சோடேயே சிரிப்பும் வந்தது. வாசலிலேயே நின்று இரண்டு அப்பாக்களையும் போனில் பிடித்துச் சொன்னாள்.

“அட! அப்ப நாங்க அண்ணன் வழி, நீங்க தங்கச்சி வழி,” என்று கத்தினார் வெள்ளைச்சாமி. “எம்மவன் மொறை மாப்பிள்ளையில்ல!”

“அதை விடுங்க மச்சான். தட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுனீங்களே, இப்ப மாமன் வீட்டுச் சீரோட வரணும்!” என்றார் செல்லமுத்து.

“லாரியிலயே வாரேன் போங்க!”

லாரி வரவில்லை, அதே வேன்தான் வந்தது. தட்டில் மேலாக இருந்த கண்டாங்கிச் சேலைக்கு அன்புமொழி கை நீட்டினாள்.

“அது ஒனக்கில்ல,” என்றான் சேரன். “காத்தாயி அத்தைக்கு. அண்ணன் வீட்டுச் சேலை ஒண்ணுகூட அவளுக்குப் போகலையாம், அப்பா சொல்லுச்சு. அவ கொண்டாந்த கருப்பர்கிட்ட அதை வச்சிட்டு வந்தாத்தான் ஒனக்கு உள்ளது.”

“அப்ப வா, வேகமா நட,” என்றாள் அவள்.